கண்டதைக் கண்டபடி எழுதியவர்: வானியலாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். மார்க்க அறிஞர்களைப் பற்றியும் விடுதலை வீரர்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைச் சரக்கு விற்பவன். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படித்ததோடு என் படிப்பு முடிந்தது. ஆகவே என் தொழிலுக்கும் என் மனத்துக்கும் நெருக்கமான ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் நம் மார்க்கத்தவர் அல்ல, இந்த நாட்டவரும் அல்ல. சென்னையில் சுமார் நாற்பது ஆண்டுகள் வானத்தைப் பார்த்துக் கணக்கு எழுதியவர். அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

அவரை நான் அறிந்துகொண்டது 2020-ஆம் ஆண்டில். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இரவு சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டிய நிலை. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டினேன். திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாக மங்கிவிட்டது என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் உலகமெங்கும் செய்தி வந்திருந்தது. நட்சத்திரம் மங்குமா என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் ரகுநாதாச்சாரியைக் கண்டேன்.

பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை

ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். சூரிய சந்திரர்களின் நடையை வாய்பாடாக மனப்பாடம் செய்து, அமாவாசை எப்போது, கிரகணம் எப்போது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் குலத்தொழில். ஆங்கிலேயர் வானியல் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

சென்னையில் அப்போது ஒரு வானாய்வகம் இருந்தது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக நடத்தத் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று கட்டடம் எழும்பியது. கருவியைத் தாங்க ஒரு பெரிய கருங்கல் தூண் நட்டு, அதில் தமிழ் உள்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறித்தார்கள். கப்பலோட்டத்துக்கும் நில அளவைக்கும் சரியான நேரமும் சரியான இடக்கணக்கும் தேவைப்பட்டதால் கம்பெனி இதற்குப் பணம் போட்டது. நல்ல வியாபாரி தராசுக்குச் செலவு செய்ய யோசிக்க மாட்டான் அல்லவா, அதைப் போலத்தான்.

அந்த வானாய்வகத்தில் ரகுநாதாச்சாரி இளைஞராக வேலைக்குச் சேர்ந்தார். கடைநிலை உதவியாளராகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளர் ஆனார். தலைவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள், போனார்கள். அவர் அங்கேயே இருந்தார்.

1861-இல் நார்மன் போக்சன் என்பவர் தலைவராக வந்தார். இவர் சாதாரண ஆள் அல்ல. நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்று உலகமே பயன்படுத்தும் அளவுகோலை வகுத்தவர் இவர்தான். முதல் தரம், இரண்டாம் தரம், ஆறாம் தரம் என்று நட்சத்திரங்களைத் தரம் பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். எண் கூடக்கூட ஒளி குறையும். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் நடுவே சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம் என 1856-இல் போக்சன் சொன்னார். அப்படியானால் ஒரு தரம் இறங்கினால் ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது என்று பொருள். ஊருக்கு ஒரு படி, நாட்டுக்கு ஒரு மரக்கால் என்று இருந்த சந்தையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிலோ எடைக்கல் வந்தது போன்ற காரியம் இது. போக்சனுக்கு மாறும் விண்மீன்களில் பெரிய ஆர்வம். அந்த ஆர்வம் அவருடைய முதல் உதவியாளருக்கும் இருந்தது.

நூலிழைகளுக்கு நடுவே

ரகுநாதாச்சாரியின் அன்றாட வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் அவர் செய்ததன் மதிப்பு புரியும்.

அவர் பயன்படுத்திய முக்கியக் கருவிக்கு உச்சிவட்டத் தொலைநோக்கி என்று சொல்லலாம். அது வடக்கு தெற்காக மட்டுமே மேலும் கீழும் அசையும். கிழக்கே மேற்கே திருப்ப முடியாது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அதன் பார்வைக்குள் நுழைந்து, நடுக்கோட்டைக் கடந்து வெளியேறும். கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள் செங்குத்தாகக் கட்டியிருக்கும். நட்சத்திரம் ஒவ்வொரு இழையைத் தொடும் நொடியையும் குறிக்க வேண்டும். அது எவ்வளவு உயரத்தில் கடக்கிறது என்பதை வட்டத்தின் அளவுக்கோடுகளில் படிக்க வேண்டும். அதோடு எத்தனையாம் தரத்து ஒளி என்பதையும் எழுத வேண்டும். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். பகலில் உட்கார்ந்து இரவு எழுதியதற்கெல்லாம் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும்.

1862 முதல் 1887 வரை சென்னையில் நடந்த இந்த வேலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஐம்பதாயிரம் முறைக்கு மேல் அளந்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி ரகுநாதாச்சாரியின் கண்ணும் கையும் செய்தது.

இப்படிப்பட்ட வேலையில் ஓர் ஆபத்து உண்டு. அதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் இருந்த அத்தாவின் கடையில் மாதக் கடைசிக் கையிருப்பு எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் பின்கட்டுக்குப் போகவே இல்லை. போன மாதப் பேரேட்டைப் பார்த்தேன், விற்றதைக் கழித்தேன், சீரகம் ஆறு மூட்டை என்று எழுதி வைத்தேன். உண்மையில் நான்கு மூட்டைதான் இருந்தது. மறுவாரம் ஒரு பழைய வாடிக்கையாளருக்குச் சொன்ன சரக்கைக் கொடுக்க முடியாமல் அத்தா தலைகுனிந்தார். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கடை முழுவதையும் மறுபடி எண்ண வைத்தார். ஒவ்வொரு மூட்டையிலும் கை வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றார். விடிய மூன்று மணி ஆனது.

வானத்திலும் அதே கதைதான். பழைய பட்டியலில் ஒரு நட்சத்திரம் இத்தனையாம் தரம் என்று இருக்கும். பார்ப்பவர் களைத்திருப்பார். கண்ணில் தெரிவது அதற்கு மாறாக இருந்தால், தன் கண்ணைச் சந்தேகித்துப் பட்டியலில் உள்ளதையே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது எளிது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

1867 ஜனவரி

1867 ஜனவரியில் ரகுநாதாச்சாரி ஒரு விண்மீனின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். தெற்கு வானத்தில் ரெட்டிக்குலம் என்ற சிறிய விண்மீன் கூட்டத்தில் அது இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மாறும் விண்மீன் என்பதால், வழக்கப்படி ஆர் என்ற எழுத்தைச் சேர்த்து ஆர் ரெட்டிக்குலி என்று அழைக்கிறார்கள்.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. ரெட்டிக்குலம் என்பது தொலைநோக்கிக்குள் அளப்பதற்காகக் கட்டும் நுண்ணிழை வலைக்குப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய்த் தெற்கு வானத்தை அளந்த லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர், தன் கருவியின் ஞாபகமாக அந்தப் பெயரை வைத்தார். வாழ்நாளெல்லாம் இழைகளின் வழியாகவே வானத்தைப் பார்த்தவருக்கு, அந்த இழைகளின் பெயர் கொண்ட கூட்டத்திலேயே அவருடைய விண்மீன் கிடைத்தது.

சென்னையிலிருந்து பார்த்தால் அது உச்சியைக் கடக்கும்போதுகூட அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. ஆக ஒன்றரை முட்டி உயரம். அடிவானத்தை ஒட்டிய காற்றும் தூசியும் ஒளியைக் கெடுக்கும் இடம் அது. அங்கே ஒன்று மங்கலாகத் தெரிந்தால் பழியைக் காற்றின் மேல் போட்டுவிடலாம். அவர் போடவில்லை. பக்கத்து விண்மீன்கள் அப்படியே இருக்க, இது மட்டும் மாறுகிறது என்று கவனித்தார்.

போக்சன் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. கண்டவர் தன் முதல் உதவியாளர் ரகுநாதாச்சாரி என்றே பதிவு செய்தார். தலைவருக்குக் கீழே வேலை பார்ப்பவரின் உழைப்பெல்லாம் தலைவரின் பெயரில் போய்ச் சேர்வது அந்தக் காலத்து வழக்கம். அதிலும் ஆள்பவர் ஆங்கிலேயர், ஆளப்படுபவர் தமிழ்நாட்டவர். அந்த ஒரு வரிப் பதிவு இல்லாமல் போயிருந்தால், மாறும் விண்மீனைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று இன்று அவரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

அது ஏன் மாறுகிறது?

அந்த விண்மீன் ஏன் மங்குகிறது, ஏன் மீண்டும் ஒளிர்கிறது என்பது ரகுநாதாச்சாரியின் காலத்தில் யாருக்கும் தெரியாது. இன்று தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அது நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் முதுமை அடைந்து ஊதிப் பெருத்த நிலை. உள்ளே எரிபொருள் தீரத் தீர வெளிப்புறம் விரிந்து, குளிர்ந்து, சிவந்துவிட்டது. அதன் வெளிப்பகுதி ஒரே அளவில் நிற்காது. நெஞ்சு மூச்சு வாங்குவது போல விரியும், சுருங்கும். ஒரு முறை விரிந்து சுருங்க ஏறக்குறைய 280 நாள் ஆகிறது. அதன் சூடும் கூடவே ஏறி இறங்குகிறது. சூடு இறங்கும்போது வெளிப்பகுதியில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற சேர்மங்கள் உண்டாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திரைபோட்டு மறைக்கின்றன. ஆகவேதான் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இவ்வளவு வித்தியாசம். அதிக ஒளியில் இருக்கும்போது அது ஆறரைத் தரம், ஒரு சாதாரண பைனாகுலரில் தெரிந்துவிடும். மங்கிப்போனால் பதினான்காம் தரம், பெரிய தொலைநோக்கி வேண்டும். போக்சனின் கணக்குப்படி இந்த ஏழரைத் தர வித்தியாசம் 1000 மடங்கு.

இப்படி விரிந்து சுருங்கும் விண்மீன்களில் இன்னொரு வகையும் உண்டு. செஃபீடு என்று பெயர். அவை ஒரு சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் கடிகாரம் போல ஒழுங்காக மாறுகின்றன. மாறும் காலம் நீளமாக இருந்தால் அதன் உண்மையான ஒளியும் அதிகம் என்பதை அமெரிக்காவில் ஹென்றியெட்டா லெவிட் என்ற அம்மையார் கண்டறிந்து 1912-இல் வெளியிட்டார். அவரும் ஓர் உதவியாளர்தான். உண்மையான ஒளி தெரிந்துவிட்டால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். தொலைவில் தெரியும் விளக்கு நாற்பது வாட் பல்பு என்று தெரிந்தால், அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? உலகத்தின் அளவையே மனிதன் அறிந்தது இந்த வழியில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கண்

கருவி இல்லாமல் ஒளியை எப்படி அளப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கெலாண்டர் என்ற ஜெர்மானியர் வகுத்த வழி மிக எளிது. மாறும் விண்மீனுக்குப் பக்கத்தில் மாறாத இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று இதைவிடப் பிரகாசமானது, மற்றது மங்கலானது. இரண்டுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு, தேதி, நேரத்தோடு எழுத வேண்டும். ஒரு கையில் தெரிந்த எடைக்கல்லை வைத்து மறு கையில் சரக்கைத் தூக்கிப் பார்த்து மதிப்புச் சொல்வார்களே நம் பழைய வியாபாரிகள், அதே முறைதான். இருட்டும் பொறுமையும் நேர்மையும் இருந்தால் போதும்.

இதற்கு முன்னோடி ஒருவரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பாரசீகத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964-ஆம் ஆண்டு வாக்கில் நிலைத்த விண்மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருக்கு முன்னால் தாலமி என்ற கிரேக்கர் எழுதிய பட்டியல் எண்ணூறு ஆண்டுகளாக மதிப்போடு இருந்தது. அஸ்ஸூஃபி அதை அப்படியே பெயர்த்து எழுதவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தானே பார்த்து, அதன் ஒளித் தரம் தன் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படி எழுதினார். மாறுபட்ட இடத்தில் மாறுபட்டதாகவே எழுதினார். அந்த நூலை 1874-இல் ஷெல்லரூப் என்ற டென்மார்க்காரர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். தன் கண்ணையே சான்றாகக் கொண்டு எழுதப்பட்டதால்தான் தொள்ளாயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கை எடுத்து ஒப்பிட முடிந்தது.

அதே நூலில் அஸ்ஸூஃபி ஒரு சிறிய மேகத்தையும் குறித்து வைத்திருந்தார். 1923-இல் அந்த மேகத்துக்குள் ஒரு செஃபீடு விண்மீனை ஹபிள் கண்டுபிடித்தார். லெவிட் அம்மையாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அது மேகம் அல்ல, நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி ஒரு விண்மீன் பேரூர் என்று தெரிந்தது. ஆன்ட்ரோமீடா என்று நாம் அழைப்பது அதைத்தான். பாக்தாதும் இஸ்ஃபஹானும் சென்னையும் அமெரிக்காவும் ஒரே பேரேட்டில் அடுத்தடுத்த பக்கங்களாக நிற்பதை இதில் பார்க்கிறோம்.

கிரகணமும் சியாம் மன்னரும்

1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் ஒரு முழுச் சூரிய கிரகணம் இந்தியாவைக் கடந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். இன்னொரு குழு அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த வனபர்த்திக்குப் போனது. அதை நடத்தும் பொறுப்பு ரகுநாதாச்சாரியிடம் கொடுக்கப்பட்டது. பிற்பாடு ஹீலியம் என்று பெயர் பெற்ற பொருளின் மஞ்சள் கோடு சூரிய ஒளியில் முதன்முதலாகப் பார்க்கப்பட்டது அந்தக் கிரகணத்தில்தான்.

அதே நிழல் வங்கக் கடலைத் தாண்டி நம் பக்கத்துக்கும் வந்தது. சியாம் மன்னர் மோங்குட் தாமே கணக்குப் போட்டு இடம் குறித்து, தெற்கே வா கோ என்ற கடற்கரையில் முகாம் அமைத்துப் பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்ற ஆளுநர் ஹாரி ஆர்ட் விருந்தினராகப் போயிருந்தார். கணக்கு பலித்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் பிடித்த காய்ச்சலில் மன்னர் அக்டோபர் முதல் நாள் காலமானார்.

1872-இல் லண்டனில் உள்ள ராயல் வானியல் கழகம் ரகுநாதாச்சாரியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

சொந்த வீட்டுக் கணக்கைத் திருத்தியவர்

வெளிநாட்டார் பாராட்டுவது ஒன்று. சொந்த ஊராரிடம் உங்கள் கணக்குப் பிசகிவிட்டது என்று சொல்வது வேறு. ரகுநாதாச்சாரியின் வாழ்க்கையில் கடினமான பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் வழங்கிய பஞ்சாங்கங்கள் பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கப்பட்டவை. வாக்கிய முறை என்பார்கள். அந்த வாய்பாடுகள் எழுதப்பட்டுப் பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆண்டுதோறும் சேரும் சிறிய பிழை வளர்ந்து, ஏட்டில் உள்ள சந்திரனும் வானத்தில் உள்ள சந்திரனும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வோர் இரவும் தொலைநோக்கியில் உண்மையான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? வானத்தோடு ஒத்துப்போகும் கணக்கில் அவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். திருக் என்றால் பார்வை. கண்ணால் காண்பதோடு பொருந்தும் கணிதம் என்பது அதன் பொருள்.

அவர் யாரோ வெளியாள் அல்ல. பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை. முன்னோர் வாய்பாட்டைத் திருத்துவது என்றால் முன்னோரை அவமதிப்பதா என்ற கேள்வி எழாமல் இருக்காது. நல்ல நாள் பார்ப்பதும் விரதம் இருப்பதும் அந்தக் கணக்கை நம்பித்தான். வாக்கியமா, திருக்கணிதமா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் விற்கும் தமிழ் நாட்காட்டிகளைப் புரட்டினாலே அந்தச் சொற்கள் கண்ணில் படும். வாய்பாடு தந்த முன்னோரும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்துத்தான் அதை எழுதினார்கள். மறுபடி பார்ப்பது அவர்கள் வழியில் நடப்பதுதான் என்பது என் எண்ணம்.

நமக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை. நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்க கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றுக்கு அதிகாரிகள் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிறை தெரியத்தக்க உயரம் 2 பாகை என்று நெடுங்காலம் கணக்கு இருந்தது. 2021-இல் அது 3 பாகை என்றும், சூரியனுக்கும் பிறைக்கும் இடைவெளி 6.4 பாகை என்றும் மாற்றப்பட்டது. கண்ணால் பார்த்தவர்களின் பதிவுகள் சேரச் சேர, கணக்கு திருந்துகிறது.

1874 டிசம்பர் 9-ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்தது. நூறாண்டுக்கு மேல் இடைவெளி விட்டு வரும் அரிய நிகழ்ச்சி. அதற்கு முன்பே மக்களுக்குப் புரியும்படி அதை விளக்கிச் சிறு நூல் எழுதி, ஆங்கிலம், கன்னடம், உருது உள்படப் பல மொழிகளில் ரகுநாதாச்சாரி வெளியிட்டார். உருது பேசும் முஸ்லிம்களும் படிக்க வேண்டும் என்று ஒரு பஞ்சாங்கக் குடும்பத்துப் பெரியவர் அன்று நினைத்திருக்கிறார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அறிவைத் தன் கூட்டத்துக்குள் பூட்டி வைக்காதவர் அவர்.

மறைவும் மிஞ்சியதும்

1880 பிப்ரவரி 5-ஆம் நாள் ரகுநாதாச்சாரி மறைந்தார். லண்டன் கழகம் தன் இதழில் அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதியது. போக்சன் 1891-இல் சென்னையிலேயே இறந்தார். 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் அந்தக் கருங்கல் தூண் மட்டும் இன்றும் நிற்கிறது. சென்னைக்குப் போகும் நம் உறுப்பினர்கள் பாண்டி பஜாரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் அந்த வட்டாரம் வந்துவிடும்.

ஆனால் அவர் விண்மீன் இருக்கிறது. 1867-க்குப் பிறகும் 280 நாளுக்கு ஒரு முறை அது ஒளிர்ந்து மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் சென்னையைவிட 10 பாகை உயரத்தில், இரண்டரை முட்டி மேலே அது தெரியும். ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவில் தெற்கே நேராக வரும். அது ஒளிரும் மாதமாக அமைந்து, நகர வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போய், கையில் பைனாகுலரும் விண்மீன் வரைபடமும் இருந்தால் நாமே பார்க்கலாம்.

பிள்ளைகளோடு வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால் திருவாதிரை போதும். அரபுப் பெயரிலிருந்து மருவி உலகம் அதை பீட்டல்ஜூஸ் என்கிறது. அதுவும் விரிந்து சுருங்கும் விண்மீன். ஏறக்குறைய 400 நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்கும். 2020 பிப்ரவரியில் அது அளவுக்கு மீறி மங்கியதற்கு, அது வெளியே தள்ளிய தூசி மறைத்ததும் அதன் மேற்பரப்பு குளிர்ந்ததும் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாலை வானத்தில் சிவப்பாகத் தெரியும். அதைவிடப் பிரகாசமான ரைஜெலோடும், பொதுவாக அதைவிடச் சற்று மங்கலான ரோகிணியோடும் ஒப்பிட்டு, நடுவில் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரோகிணியை அரபியில் அத்தபரான் என்பார்கள். என் மகளின் நோட்டில் இப்போது பல பக்கங்கள் நிரம்பிவிட்டன. சில நாள் அவள் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போவதில்லை. என்னுடையதைப் பார்த்துத் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது ஆண்டு கடந்த இந்த வேளையில் தலைவர்களின் படங்கள் இந்த மலரை அலங்கரிக்கும். அது முறைதான். ஆனால் சந்தாப் பணத்தை வீடு வீடாகப் போய் வாங்கிப் புத்தகத்தில் எழுதியவர்கள், நோன்புக் கஞ்சிக்கு விடியற்காலையிலேயே அரிசி களைந்தவர்கள், ஜனாஸா காரியங்களுக்கு முதல் ஆளாக ஓடியவர்கள், பழைய பெட்டியில் கூட்டக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தியவர்கள் எல்லாரும் இந்தச் சங்கத்தின் முதல் உதவியாளர்கள். அவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. போக்சன் எழுதியதைப் போல ஒரு வரி நாம் எழுதி வைத்தால்தான் அவர்கள் பெயர் நூறாம் ஆண்டு மலருக்குப் போய்ச் சேரும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் செய்ததை, கேள்விப்பட்டபடி அல்லாமல் கண்டபடி எழுதி, தேதி போட்டு, சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.